குளத்தங்கரைத் தெருவுக்கு நூலக வண்டி மீண்டும் வர வேண்டி

அனுப்புநர்:
க. சாருலதா,
த/பெ. கல்யாணராமன்,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
குளத்தங்கரைத் தெரு (அய்யாதுரை ஜவுளிக் கடைக்கு எதிர் வீடு),
திருவான்மியூர், சென்னை - 600 041.

பெறுநர்:
உயர்திரு அலுவலர் அவர்கள்,
நடமாடும் நூலகப் பிரிவு,
சென்னை.

பொருள்: பறவை எச்சத்தால் நூலக வண்டியின் வண்ணப்பூச்சு கெட்டது - கறையை அகற்ற முயன்றதில் மேலும் கெட்டது - அதனால் ரத்து செய்யப்பட்ட வியாழக்கிழமை நிறுத்தத்தை எங்கள் தெருவுக்கு மீண்டும் அளிக்கக் கோருதல் - தொடர்பாக.

பார்வை: எங்கள் தெரு அரசமரத்தில் ஒட்டப்பட்ட தங்கள் அலுவலக அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவில் நடந்தவற்றை நடந்தபடியே எழுதுகிறேன். எங்களுக்குச் சாதகமானதை மட்டும் எழுதினால் மனு சுருக்கமாகவும் அழகாகவும் இருக்கும் என்று என் தந்தை சொன்னார். ஆனால் பாதி உண்மையை நம்பித் தாங்கள் வண்டியை அனுப்பி, மீதி உண்மை பிறகு தங்களுக்குத் தெரியவந்தால், வண்டி இரண்டாவது முறையும் நின்றுவிடும். அதைத் தாங்கும் நிலையில் எங்கள் தெரு இல்லை. பெரியவர்கள் எழுதினால் அக்கம்பக்கத்தாரின் பெயர்களைத் தயவு கருதி விட்டுவிடுவார்கள் என்பதால், எழுதும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. தெருவில் யாருடைய பெயரை எழுதினாலும் அவர் சம்மதம் பெற்றே எழுதுகிறேன்.

1. வியாழக்கிழமைதோறும் பிற்பகலில் நூலக வண்டி எங்கள் தெருவுக்கு வந்து, பிள்ளையார் கோயிலை ஒட்டிய அரசமரத்தடியில் நிற்கும். ஓட்டுநர் திரு. பீர் முஹம்மது அவர்கள் இரண்டு முறை ஒலி எழுப்புவார். அதைக் கேட்டு அடுப்பைத் தணித்துவிட்டு ஓடிவருகிறவர்கள் உண்டு. கிளை நூலகம் அடையாறில் இருக்கிறது. பேருந்தில் ஏறி இறங்கி, புத்தகம் தேடி, திரும்பி வருவதற்குள் பள்ளி விட்டு வந்த குழந்தைகள் பூட்டிய கதவின் முன் நின்றுகொண்டிருப்பார்கள். என்னைத் தனியாக அனுப்பவும் வீட்டில் சம்மதம் இல்லை. ஆகவே எங்கள் தெருப் பெண்களுக்கு நூலகம் என்றால் அந்த வண்டிதான்.

2. வண்டி முன்பு சாம்பல் நிறத்தில், பல இடங்களில் உதிர்ந்துபோய் இருந்தது. அதன்மேல் எச்சம் விழுந்தது யார் கண்ணிலும் பட்டதில்லை. இந்த ஆண்டு கோடை விடுமுறைக்குப் பிறகு அது கருநீல வண்ணம் பூசப்பட்டு, பளபளவென்று வந்தது. தெருவே வெளியில் வந்து பார்த்தது. நான் அதன் பக்கவாட்டில் என் முகத்தைப் பார்த்துப் பின்னலைச் சரிசெய்துகொண்டேன். தங்கள் அலுவலகத்துக்கு எங்கள் நன்றியை அன்றே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. இப்போது தெரிவித்துக்கொள்கிறேன்.

3. ஆடி மாதத்தில் அரசமரம் பழுத்தது. குயில், மைனா, காகம் எல்லாம் அதில் கூடின. நான் கவனித்தவரை, காகத்தின் எச்சம் வெள்ளையாக விழும். தண்ணீர் ஊற்றினால் பெரும்பாலும் போய்விடும். பழம் தின்ற பறவைகளின் எச்சம் ஊதாவாக, உள்ளே சிறு விதைகளுடன் விழும். அது காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. வண்டியின் கூரையிலும் இரு பக்கங்களிலும் இவ்வாறு பல கறைகள் படிந்தன. மற்றத் தெருக்களில் நின்றபோதும் சில விழுந்திருக்கலாம். ஆனால் பெரும்பங்கு எங்கள் மரத்தினுடையதுதான் என்பதை மறுக்கவில்லை.

4. ஒரு வியாழக்கிழமை நூலகர் திருமதி சீதா அவர்கள் புத்தகம் பதிந்துகொண்டே, மறுவாரம் மேலதிகாரிகள் வண்டியைப் பார்வையிட வருவதாகச் சொன்னார். வண்டி இந்தக் கோலத்தில் இருக்கிறதே என்று வருத்தப்பட்டார். அவர் எங்களைச் சுத்தம் செய்யும்படி கேட்கவில்லை. நாங்களாகவே கேட்டதாக எடுத்துக்கொண்டோம். எங்கள் தெருவுக்கு வந்த வண்டி எங்கள் தெருவில் அழுக்காகி, அதற்காக அவர் பேச்சுக் கேட்பதா என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது.

5. இங்கே எங்கள் தெரு வழக்கம் ஒன்றைத் தாங்கள் அறிய வேண்டும். மருந்தீசுவரர் கோயிலில் திருவிழாவுக்கு முன் உழவாரப் பணி நடக்கும்போது, பித்தளை விளக்குகளையும் தாம்பாளங்களையும் தேய்த்துக் கொடுப்பது எங்கள் தெருப் பெண்களின் பொறுப்பு. புளியைக் கரைத்துத் தடவி, பாத்திரம் தேய்க்கும் தூளைத் தூவி, தேங்காய் நாரால் வட்டவட்டமாகத் தேய்ப்பார்கள். விளக்குகள் பொன்னாக மாறும். இந்தக் குழுவை நடத்துபவர் எங்கள் பக்கத்து வீட்டுத் திருமதி கோமளம் அவர்கள். நாங்கள் அவரைக் கோமளம் மாமி என்போம். அவர் தேய்த்து விளங்காத பொருளை இதுவரை எவரும் கண்டதில்லை.

6. அடுத்த வியாழக்கிழமை எங்கள் பள்ளிக்கு விடுமுறை. ஆகையால் பின்வருவதை நேரில் பார்த்தேன். ஓட்டுநர் பிற்பகல் தொழுகைக்குச் சென்றிருந்தார். நூலகர் வண்டிக்குள் இருந்தார். கோமளம் மாமியும் உழவாரக் குழுவினரும் புளி, தூள், நார், வாளி சகிதம் வந்தார்கள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. முதலில் கதவு உள்ள பக்கத்தில் வெறும் தண்ணீர்தான் ஊற்றினோம். அதைப் பார்த்து நூலகர் நன்றி சொன்னார். புளி போட்டது கதவு இல்லாத பக்கத்தில். அதை அவர் பார்த்திருக்க முடியாது. இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

7. தேய்க்கத் தொடங்கியதும் நார் நீலமாயிற்று. வாளித் தண்ணீரும் நீலமாயிற்று. கோமளம் மாமிக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. "பாருங்கோடி, எத்தனை அழுக்கு வர்றது! இத்தனை நாளும் ஒருத்தருமே தேய்ச்சதில்லை போலிருக்கு" என்றார். அழுக்கு வருகிற உற்சாகத்தில் மற்றவர்களும் இன்னும் பலமாகத் தேய்த்தார்கள். அப்போது மூலை வீட்டில் தையல் இயந்திரம் வைத்திருக்கும் ஷகீலா அக்கா புத்தகம் மாற்ற வந்தார். நாரைப் பார்த்தார். "மாமி, நிறுத்துங்க! இது அழுக்கு இல்ல, கலரு. துணியா இருந்தா சாயம் போவுதுன்னு கடைக்காரங்கிட்ட சண்டைக்கே போயிருப்பேன்" என்றார். அதற்குள் ஒரு தாம்பாளம் அளவுக்குச் சில இடங்களில் பளபளப்புப் போய், வட்டவட்டமான கீறல்கள் விழுந்திருந்தன. ஊதாக் கறைகள் போயிருந்தன என்பதையும் உண்மையின் பொருட்டுக் குறிப்பிடுகிறேன்.

8. ஓட்டுநர் திரும்பி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். அவர் ஒரு கெட்ட வார்த்தையும் சொல்லவில்லை. "இன்னாம்மா இது? குளிப்பாட்டினீங்க, சரி. தோலையுமா உரிச்சு வுடணும்?" என்று மட்டும் கேட்டார். பிறகு கோமளம் மாமி அழுவதைப் பார்த்து, "அட, வுடுங்க மாமி. வண்டிதான, புள்ளையா?" என்றார். அந்த மாலை அவர் புறப்படும்போது வழக்கமாக எழுப்பும் ஒலியை எழுப்பாமலே போனார். அதன் பிறகு வண்டி வரவில்லை.

9. சில நாட்களில் அரசமரத்தில் தங்கள் அறிவிப்பு ஒட்டப்பட்டது. பறவை எச்சத்தாலும் "விஷமிகளின் செயலாலும்" அரசு வாகனத்துக்குச் சேதம் ஏற்பட்டதால் இத்தெரு நிறுத்தம் ரத்து செய்யப்படுகிறது என்று அதில் இருந்தது. ஐயா, இச்சொல்லைப் பற்றிப் பணிவுடன் ஒரு வார்த்தை சொல்ல அனுமதிக்க வேண்டும். நான் அகராதியில் பார்த்தேன். வேண்டுமென்றே தீங்கு செய்கிறவர்களுக்கே அது பொருந்தும். கோமளம் மாமி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அந்த அறிவிப்பைப் படித்தார். "ஏண்டி சாரு, விஷமின்னா நானாடி?" என்று என்னைக் கேட்டார். அன்று முதல் அவர் மருந்தீசுவரர் கோயிலுக்குப் போவதற்குக்கூட அந்த மரத்தைத் தவிர்த்து அடுத்த தெரு வழியாகப் போகிறார்.

10. வண்டி நின்றதால் ஏற்பட்டுள்ள நிலைமை பின்வருமாறு. நூலக முத்திரை உள்ள புத்தகங்கள் பல எங்கள் தெருவில் தங்கிவிட்டன. திருப்பிக் கொடுக்க விரும்பியும் வழியில்லை. அவை அரசின் உடைமை என்பதால், எல்லாவற்றுக்கும் நானே பழுப்புத் தாளில் அட்டை போட்டிருக்கிறேன். சும்மா வைத்திருப்பானேன் என்று அவற்றை வீட்டுக்கு வீடு மாற்றிப் படித்துவருகிறார்கள். ஒரு சமையல் புத்தகம் மட்டும் எல்லா வீட்டுக்கும் போய்விட்டு வந்து, மஞ்சள் கறையோடு இருக்கிறது. அதற்கு முன்கூட்டியே மன்னிப்புக் கேட்கிறேன். ஷகீலா அக்கா ஒரு பெரிய நாவலின் இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டார். மூன்றாம் பாகம் வண்டியில் இருக்கிறது. கதாநாயகி படகில் ஏறியதோடு இரண்டாம் பாகம் முடிகிறதாம். "அந்தப் பொண்ணு கரை சேந்தாளா இல்லியான்னு தெரியாம ரவிக்கைக்குக் கை வெட்டுறேன், ரெண்டும் எடது கையா வந்துட்டுது" என்று வருத்தப்படுகிறார். என்னைப் பொறுத்தவரை, நான் பறவைகளைப் பற்றிய நூலில் நீர்ப்பறவைகள் வரை வந்திருக்கிறேன். இரண்டாம் புத்தகத்துக்குப் பெயர் எழுதிக் கொடுத்திருந்தேன். நூலகர் அடுத்த முறை கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தார்.

11. புகார் சொல்வதோடு நிறுத்தக் கூடாது என்பதற்காக, எச்சக் கறையை வண்ணப்பூச்சுக்குக் கேடின்றி அகற்றும் வழியைத் தேடினோம். என்னிடம் தங்கிவிட்ட வீட்டுக்குறிப்புகள் புத்தகத்தில் மைக்கறை, வாழைக்கறை, துரு எல்லாவற்றுக்கும் வழி இருந்தது. எச்சத்துக்கு இல்லை. ஆகவே சோதனை செய்து பார்க்கத் தீர்மானித்தோம். ஜவுளிக் கடை உரிமையாளர் திரு. அய்யாதுரை அவர்களின் பழைய அம்பாசிடர் கார் கடைக்குப் பின்னால் வாதாமரத்தடியில் நிற்கிறது. அதற்கு எச்சத்தில் குறைவில்லை. அவர் பெரிய மனத்துடன் அனுமதித்தார். "பின்னாடிக் கதவுல என்ன வேணும்னாலும் பண்ணுங்கம்மா. போனட்டுல மட்டும் கைய வச்சிரப்பிடாது. எம்மக கல்யாணத்துக்கு மாலை போட்ட எடம்லா அது" என்று ஒரு நிபந்தனை விதித்தார். நிபந்தனை முழுமையாகக் கடைப்பிடிக்கப்பட்டது.

12. சோதனைகளின் முடிவுகள்:

மண்ணெண்ணெய்: கறை மங்கியது, போகவில்லை. துடைத்த இடத்தில் தூசி வந்து ஒட்டியது. வாசனை கடைக்குள் போனதால் புடவை பார்க்க வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். மேலும் செய்யவில்லை.

திருநீறு: ஒருவர் பரிந்துரைத்தார். கீறல் விழுந்தது. அதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை.

கோலி சோடா: புதிதாக விழுந்த எச்சத்தின்மேல் ஊற்றியதும் நுரைத்துக் கிளம்பியது. நன்றாகவே போயிற்று. ஆனால் சோதனைக்கு வாங்கிய சோடாக்களில் காருக்குக் கிடைத்ததைவிடச் சோதனையாளர்களுக்குக் கிடைத்தது அதிகம்.

ஈரத் துணி: பழைய பருத்தித் துணியைத் தண்ணீரில் நனைத்து, பிழியாமல் கறையின்மேல் போர்த்தி, அது முழுதும் ஊறும்வரை விட வேண்டும். பிறகு துணியோடு சேர்த்து எச்சத்தைப் பொத்தினாற்போல் மேலே எடுக்க வேண்டும். தேய்க்கவே கூடாது. எச்சத்தில் உள்ள விதைகளும் மணலும்தான் கீறுகின்றன. மிச்சம் இருந்தால் இன்னொரு ஈரத் துணி. அதன் பிறகு சிறிது சோப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர், உலர்ந்த துணி. கதவில் நாங்கள் தொட்ட இடம் எது என்று அய்யாதுரை அவர்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

இதில் ஒரு குறையும் உண்டு. எச்சம் விழுந்த அன்றே எடுத்துவிட வேண்டும். பல நாள் வெயிலில் காய்ந்த எச்சத்தை எடுத்த பிறகும், அதன் உருவம் பூச்சில் மங்கலாகத் தங்கிவிடுகிறது. வெயிலில் பூச்சு இளகி, எச்சம் இறுகும்போது அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் அறிவியல் ஆசிரியை இதை உறுதிப்படுத்தவில்லை, மறுக்கவும் இல்லை.

13. சென்ற வாரம் ஓட்டுநர் பீர் முஹம்மது அவர்கள் தம் மகளுக்குப் பாவாடைத் துணி எடுக்க அய்யாதுரை கடைக்கு வந்தார். தெருவே கூடிவிட்டது. வண்டி எப்படி இருக்கிறது என்று, உடல்நலம் இல்லாதவரை விசாரிப்பதுபோல் எல்லோரும் விசாரித்தோம். "பாலிஷ் போட்டுக்கினு கீறாங்க. முக்காவாசி வந்துடுச்சு. மீதி கீறது குருவிங்க வேலை, உங்க வேலை இல்ல" என்றார். இது எங்களுக்கு ஆறுதல் சொல்வதற்காகச் சொல்லப்பட்டதாகவும் இருக்கலாம். எனவே இதை ஆதாரமாகக் காட்டவில்லை. கோமளம் மாமியும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதற்காகக் குறிப்பிட்டேன். நடந்தது அவர் தொழுகைக்குச் சென்றிருந்தபோது என்பதால், ஓட்டுநர்மீது எந்தக் குறையும் எழுதப்படாதிருக்க வேண்டுகிறேன்.

14. வண்டி நிற்க வேறு இடமும் பார்த்துவிட்டோம். அய்யாதுரை கடையின் பக்கச் சந்தில் தகரக் கூரை போட்ட இடம் இருக்கிறது. பொதி இறக்க வரும் லாரி அங்கேதான் நிற்கிறது என்பதால் உயரத்துக்கும் அகலத்துக்கும் குறைவில்லை. லாரி காலையில் போய்விடும். மரம் எட்டிப் பார்க்காத இடம். வெயிலும் படாது, வரிசையில் நிற்கும் பெண்களுக்கும் நிழல். இதற்கு வாடகை எதுவும் வேண்டாம் என்று அய்யாதுரை அவர்கள் எழுதிக் கொடுத்தது இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. "துணிப் பொதிக்கு எடம் இருக்கு, புஸ்தகத்துக்கு இருக்காதாக்கும்?" என்று கேட்டார். அரசமரத்தின் கிளைகளை வெட்டிவிடலாம் என்றும் ஒருவர் யோசனை சொன்னார். பறவைகள் நமக்கு முன்பே அங்கே இருப்பவை என்பதாலும், வண்டியை நகர்த்துவது மரத்தை நகர்த்துவதைவிட எளிது என்பதாலும் அந்த யோசனை கைவிடப்பட்டது.

15. மற்றத் தெருக்களில் விழுந்த எச்சத்தோடு வண்டி வந்தாலும், ஈரத் துணி முறையில் அன்றே எடுத்துவிட நாங்கள் தயார். உழவாரக் குழுவினர் முறைவைத்துக்கொண்டு இதைச் செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஓட்டுநரோ நூலகரோ அருகில் நின்று பார்த்தால் மட்டுமே செய்வோம். வேண்டாம் என்றால் தொடமாட்டோம். வியாழக்கிழமைகளில் அந்தச் சந்துக்குள் புளி கொண்டுவருவதில்லை என்றும் தீர்மானித்திருக்கிறோம். இதைத் தீர்மானமாக முன்மொழிந்தவர் கோமளம் மாமிதான்.

ஆகவே, ஐயா அவர்கள் அருள்கூர்ந்து,

(அ) குளத்தங்கரைத் தெருவுக்கு வியாழக்கிழமை நூலக வண்டியை, மேற்சொன்ன தகரக் கூரை இடத்தில் நிற்குமாறு, மீண்டும் அனுப்ப ஆணையிடவும்;

(ஆ) அறிவிப்பில் உள்ள "விஷமிகள்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, "நல்லெண்ணத்துடன் தவறான முறையில் சுத்தம் செய்தவர்கள்" என்று மாற்றவும்; இடம் போதாது என்றால் "தெருவாசிகள்" என்று போட்டாலும் எங்களுக்குச் சம்மதமே;

(இ) வண்டி வரும் முதல் நாளில், படகில் போன பெண்ணின் மூன்றாம் பாகத்தை மறவாமல் எடுத்துவருமாறு நூலகருக்குச் சொல்லவும் வேண்டிக்கொள்கிறேன்.

தாங்களே ஒருமுறை வந்து இடத்தையும் காரின் கதவையும் பார்வையிட்டால் மிகவும் மகிழ்வோம். தாங்கள் வரும் வாகனத்தைத் தகரக் கூரையின் கீழ் நிறுத்திக்கொள்ளலாம். அதை யாரும் தேய்க்க மாட்டார்கள் என்று உறுதி கூறுகிறேன். முதலில் தயங்கிய என் தந்தையும் இம்மனுவைப் படித்துவிட்டு, ஒரு வரியையும் அடிக்காமல் கையெழுத்திட்டிருக்கிறார். அதனால் தாங்களும் நம்புவீர்கள் என்று நம்புகிறேன்.

இடம்: திருவான்மியூர்
நாள்: 16.9.1995

இப்படிக்கு,
வியாழக்கிழமையை எதிர்பார்த்திருக்கும்
க. சாருலதா

இணைப்பு:
1. அய்யாதுரை அவர்களின் சம்மதக் கடிதம்.
2. தெருவாசிகள் கையெழுத்துகள்.

பின்குறிப்பு: கையெழுத்துகள் இன்று மாலை அய்யாதுரை கடையில் துணி அளக்கும் மேசைமேல் வைத்து வாங்கப்பட்டன. பத்துப் பேர் வந்தால் அதிகம் என்று நினைத்து ஒரே தாள்தான் எடுத்துப் போனேன். அடுத்த தெருவிலிருந்தும் ஆட்கள் வந்ததால், துணிக்கடை ரசீதின் பின்பக்கங்களையும் பயன்படுத்த நேர்ந்தது. கடைசித் தாளில் கையெழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழும் போயிருப்பதையும், ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருப்பதையும் தாங்கள் காண்பீர்கள். அவை போலி அல்ல. கடை அடைக்கும் நேரம் தாண்டியும் வரிசை வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. அவர்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கடையின் விளக்குகள் அணைக்கப்பட்டன; மீதிப் பேர் இருட்டிலேயே போட்டார்கள்.